எல்லைக்கல் நகர்ந்த ஊர்

திருவிதாங்கூர் ராஜ்யத்தின் பழைய வெள்ளிச் சக்கரத்தைக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நாணயம் என்பதைக் காட்டிலும் ஒரு பருப்பு என்று சொல்லத்தக்க அளவே இருக்கும். விரலிடுக்கில் நழுவினால் தரையில் தேடுவது வீண். இந்தப் பொடி நாணயத்தை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும் என்பதனால், அந்தக் காலத்துக் கஜானாவிலும் கடைகளிலும் சக்கரப் பலகை என்று ஒரு சாதனம் வைத்திருந்தார்கள். சின்னச் சின்னக் குழிகள் வரிசையாகத் தோண்டப்பட்ட மரப்பலகை அது. ஒரு பிடி சக்கரத்தை அதன்மேல் கொட்டி, இரண்டு கையாலும் பிடித்து லேசாகக் குலுக்கினால், குழிக்கு ஒரு சக்கரமாக உட்கார்ந்துகொள்ளும்; மீதியை விரலால் வழித்து விட்டுவிட்டால் பலகையில் இருப்பது இத்தனை என்று எண்ணாமலே கணக்குச் சொல்லிவிடலாம். நான் இந்தப் பலகையை முதலில் சொல்லக் காரணம், செங்கோட்டை என்கிற ஊரின் சரித்திரத்தைப் பிரகடனங்களைக் கொண்டும் ஒப்பந்தங்களைக் கொண்டும் எழுதுவதைக் காட்டிலும், அந்த ஊர்க் கடைக்காரன் மேஜைமேல் எந்தக் காலத்தில் எந்த நாணயம் இருந்தது என்று பார்த்து எழுதுவதே உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கும் என்று எனக்கு வெகுகாலமாக இருந்துவருகிற ஓர் எண்ணம்தான்.

மேற்குத்தொடர்ச்சி மலை ஆரியங்காவுப் பக்கத்தில் சற்றே தாழ்ந்து ஒரு வழி விடுகிறது. ஆனி ஆடி மாதங்களில் மலையாளக் கரையில் கொட்டுகிற மழை அந்த வழியாகத்தான் பொடித் தூற்றலாகக் கிழக்கே இறங்கிக் குற்றாலத்தில் சாரல் என்று பெயர் வாங்கிக்கொள்கிறது; மிளகும் பாக்கும் தேங்காயும் அந்த வழியாகத்தான் கிழக்கே வந்தன; பாண்டி நாட்டு நெல்லும் வைக்கோலும் மாடும் காய்கறியும் அந்த வழியாகத்தான் மேற்கே போயின. அந்த வழியின் கீழ்வாசலில் உட்கார்ந்திருக்கிற ஊர் செங்கோட்டை. பேசுவது தமிழ், உழுவது கார் பிசானம் என்ற இரண்டு போகம், கும்பிடுவது குலசேகரநாதரையும் தர்மசம்வர்த்தினியையும். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா இளையிடத்து ஸ்வரூபம் என்ற சிற்றரசை வென்று தம் ராஜ்யத்தோடு சேர்த்துக்கொண்ட நாள்முதல், ஊர் வரி கட்டினது பத்மநாப தாசன் என்ற பட்டம் பூண்ட அந்த ராஜாக்களுக்கு. மலைக்குக் கிழக்கே, பிரிட்டிஷ் திருநெல்வேலி ஜில்லாவின் வயிற்றுக்குள், செங்கோட்டையும் புளியரையும் ஆய்க்குடியும் சாம்பவர் வடகரையும் கிளங்காடும் திருவிதாங்கூர்ப் பகுதிகளாக நின்றன. தென்காசியிலிருந்து வருகிற சாலையில், துவாரபாலகர்கள் காவல் நிற்கச் சங்கு முத்திரை பொறித்துக் கட்டின நுழைவாயிலைக் கடந்தால் வேறு ராஜ்யம். வேறு நாணயம், வேறு தபால், வேறு போலீஸ், வேறு கோர்ட்டு. எட்டுக் கிலோமீட்டர் கிழக்கே தென்காசி அந்நிய பூமி. நூறு கிலோமீட்டர் தெற்கே மலைக்கு அப்பால் இருந்த திருவனந்தபுரம் சொந்தத் தலைநகரம்.

இந்த ஏற்பாட்டில் தினசரி ஜீவனம் எப்படி நடந்தது என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்கவேண்டும். பதினாறு காசு ஒரு சக்கரம். நாலு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம் ஒரு ஸர்க்கார் ரூபாய். ஆக ஸர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28½ சக்கரம். அந்த அரைச் சக்கரத்தில்தான் சூட்சுமம் எல்லாம். செங்கோட்டைப் பெண்பிள்ளை ஒருத்தி கூடையில் வெண்டைக்காயும் கத்திரிக்காயும் சுமந்துபோய்த் தென்காசிச் சந்தையில் நாலணாவுக்கு விற்றாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த நாலணா, வாயிலைத் தாண்டி ஊருக்குள் வந்ததும் ஏழு சக்கரமும் இரண்டு காசும் ஆகவேண்டும். ஆகவேண்டும் என்பது சாஸ்திரம். மாற்றிக் கொடுக்கிறவன் ஏழு சக்கரத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, அந்த இரண்டு காசை வட்டம் என்று சொல்லிப் பிடித்துக்கொண்டால் அவள் யாரிடம் போய் முறையிடுவது? எழுதப் படிக்கத் தெரியாத அந்த ஊர்ப் பெண்கள் அணாவையும் பையையும் சக்கரத்தையும் காசையும் ஒரே மூச்சில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றிச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டபோது, அதைக் கணித சாமர்த்தியம் என்று வியப்பதா, இரண்டு ஸர்க்காருக்கு நடுவில் பிழைத்ததற்குக் கொடுத்த கூலி என்று பெருமூச்சு விடுவதா என்று எனக்குத் தோன்றவில்லை.

கடிதப் போக்குவரத்தும் அப்படியே. சமஸ்தானத்துக்குள் கடிதம் கொண்டுபோன இலாகாவுக்கு அஞ்சல் என்று பெயர். சங்கு முத்திரையிட்ட பச்சை வர்ண இரும்புப் பெட்டி, சலங்கை கட்டின தடியைத் தரையில் ஊன்றி ஓடிவருகிற அஞ்சல்காரன், அவன் வருகிற சத்தம் கேட்டு வழிவிடுகிற ஜனங்கள்: இவை மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்றுபோலவே இருந்தன. கொல்லத்தில் இருக்கிற மருமகனுக்கு எழுதினால் அஞ்சல். கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க இலஞ்சியில் இருக்கிற மகளுக்கு எழுதினால் பிரிட்டிஷ் தபால். முத்திரைத் தலை வேறு, விலை வேறு, பெட்டி வேறு. 1951 ஏப்ரல் 1-ந் தேதி அந்த அஞ்சல் இலாகா இந்தியத் தபால் இலாகாவோடு கரைந்து மறைந்தது. அதற்குச் சில வருஷங்கள் கழித்துத் தமிழ் அபிமானிகள் ‘தபால்’ என்ற சொல்லை விலக்கி ‘அஞ்சல்’ என்பதை நாடு முழுவதும் வழங்கச் செய்தபோது, அதைப் புதுச் சொல் என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். செங்கோட்டைக் கிழவர்களுக்கு அது செத்துப்போன பழைய இலாகாவின் பெயர்.

ராஜாங்க பாஷை மலையாளம். பகுதிக் கச்சேரியில் பார்வத்தியக்காரர் எழுதுகிற கணக்கும், தாலுக்கா கச்சேரியிலிருந்து வருகிற விளம்பரமும், கொல்லம் ஜில்லாக் கோர்ட்டில் நடக்கிற வியாஜ்யமும் அந்தப் பாஷையில்தான். நிலத்துக்குப் பத்திரம் என்று சொல்லமாட்டார்கள், ஆதாரம் என்பார்கள். பட்டாதாரன் கணக்குக்குத் தண்டப்பேர் என்று பெயர். தமிழ் மட்டும் தெரிந்த குடியானவன் தன் சொந்த வயலின் நான்கு எல்லையை இன்னொருவர் படித்துச் சொல்லக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஊரில் இப்படிப் படித்துச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு இருந்த மதிப்பும், அவர்களிடம் இருந்த பயமும் கொஞ்சமல்ல. பிற்காலத்தில் தாய்த் தமிழகத்தோடு சேரவேண்டும் என்று எழுந்த கிளர்ச்சிக்கு மேடைகளில் எத்தனையோ உயர்ந்த காரணங்கள் சொல்லப்பட்டன. ஜனங்களின் மனசில் இருந்த காரணம் இந்தக் கச்சேரி ஜன்னல்தான் என்பது என் அபிப்பிராயம்.

ஆனாலும் சமஸ்தானத்துப் பிரஜையாக இருந்ததில் நஷ்டம் மட்டுமே என்று எழுதினால் அது பொய். 1936 நவம்பர் 12-ந் தேதி, தம் பிறந்தநாளன்று, சித்திரைத் திருநாள் மகாராஜா கையெழுத்திட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனம் சமஸ்தானக் கோவில்களின் கதவை இந்துக்கள் அனைவருக்கும் திறந்துவிட்டது. செங்கோட்டைக்கும் அதுதான் சட்டம். சென்னை ராஜதானியிலோ, 1939 ஜூலை 8-ந் தேதி வைத்தியநாதய்யர் மதுரை மீனாட்சியம்மன் சந்நிதிக்குள் ஹரிஜனங்களை அழைத்துப்போன பிறகுதான், அதைப் பாதுகாக்க ராஜாஜி மந்திரிசபை ஒரு சட்டம் கொண்டுவந்தது. நடுவில் இருந்த ஏறக்குறைய மூன்று வருஷமும், சங்கு முத்திரை வாயிலுக்கு இந்தப் பக்கம் நிற்கிற ஒருவனுக்குச் சட்டப்படி இருந்த உரிமை, அந்தப் பக்கம் நிற்கிற அவன் சம்பந்திக்கு இல்லை. சட்டம் திறந்துவிட்ட கதவுக்குள் அன்றைக்கே எத்தனை பேருடைய கால் துணிந்து நுழைந்தது என்பது வேறு விஷயம். ஆனால் உரிமை ஒரு சாலை வளைவில் தொடங்கி இன்னொரு வளைவில் முடிந்துபோகிற விசித்திரத்தைப் பார்த்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள்.

அந்த விசித்திரம் அவர்களுக்குப் புதிதும் அல்ல. 1911 ஜூன் 17-ந் தேதி மணியாச்சி ஜங்ஷனில் ரயில் வண்டிக்குள் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தானும் சுட்டுக்கொண்டு இறந்த வாஞ்சிநாதன் இந்த ஊர்ப் பிள்ளை; புனலூரில் சமஸ்தானத்துக் காட்டிலாகாவில் உத்தியோகம் பார்த்தவன். அவனோடு சம்பந்தப்பட்டவர்கள் என்று கருதப்பட்டவர்களில் சிலரும் இந்தச் செங்கோட்டை, புளியரை வட்டாரத்தவர்களே. நெல்லை ஜில்லாவின் வெள்ளைக்கார அதிகாரிக்கு நேரே கை எட்டாத ஓர் இடம், அதே சமயம் ஒருநாளில் ரயிலேறித் திருநெல்வேலிக்குப் போய்வந்துவிடக்கூடிய இடம் என்ற வகையில் செங்கோட்டைக்கு ஒரு சௌகரியம் இருந்தது. கல்லிடைக்குறிச்சி வரை வந்திருந்த ரயில் பாதை 1903-ல் செங்கோட்டைக்கு நீண்டு, 1904-ல் மலையைக் குடைந்து புனலூரை எட்டிவிட்டது. வாஞ்சியைப் பற்றி வேறு பலர் விரிவாக எழுதியிருப்பதால் இங்கே நான் தங்கவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தத் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பிறகு வந்த போலீஸ் சோதனைகளும் விசாரணைகளும் சென்னை ஹைகோர்ட்டு வழக்கும், ஊரின் சில தெருக்களில் பேச்சை வெகுகாலம் குசுகுசுப்பாக்கிவிட்டன. அரசியல் கலகம் சாதாரணக் குடும்பங்களுக்குள் நுழைகிற விதம் அதுதான்; முதலில் குரல் தாழ்கிறது.

அடுத்த பெரிய கலக்கம் வயிற்றின் வழியாக வந்தது. திருவிதாங்கூருக்குத் தன் வயலில் விளைகிற நெல் ஒருகாலும் போதியதில்லை. ரங்கூன் அரிசிக் கப்பல்தான் அந்த நாட்டின் அடுப்பை எரியவிட்டது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்ததும் கப்பல் நின்றுபோயிற்று. சமஸ்தானம் முழுவதும் மரச்சீனிக் கிழங்கை வேகவைத்துத் தின்று காலம் தள்ளினபோது, நாஞ்சில் நாடும் செங்கோட்டையும் போன்ற நெல் விளையும் தாலுக்காக்கள்மேல் ஸர்க்காரின் கண் விழுந்ததில் ஆச்சரியமில்லை. களத்துமேட்டில் பொலி கூட்டியிருக்கும்போதே அளந்து, குடும்பச் செலவுக்கு இவ்வளவு, விதைக்கு இவ்வளவு என்று விட்டுவிட்டு மீதியை ஸர்க்காருக்குக் கொள்முதல் செய்கிற ஏற்பாடு வந்தது; ரேஷன் கார்டு வந்தது; எல்லை தாண்டி ஒரு மூட்டை போகவேண்டுமானால் அனுமதிச் சீட்டு வேண்டும் என்றாயிற்று. இதற்கு முன்பெல்லாம் 1865-ல் பிரிட்டிஷ் இந்தியாவோடும் கொச்சியோடும் செய்துகொண்ட சுங்க உடன்படிக்கையின் பலனாக, பெரும்பாலான சரக்குகள் அந்த வாயில் வழியாகத் தடையில்லாமல் போய்வந்துகொண்டிருந்தன. புகையிலை போன்ற சிலவற்றைத்தான் சௌக்கையில் நிறுத்திப் பார்ப்பார்கள். காட்டுப் பாதையில் கள்ளத்தனமாகப் போனதும் அதுதான். இப்போது அரிசியே புகையிலை ஆயிற்று. தென்காசியில் மகள் வீட்டுக்குப் போன தாயார் மடியில் இரண்டு படி அரிசியை முடிந்துகொண்டு திரும்புகிறபோது, அவள் தாயாரா கடத்தல்காரியா என்று ஒரு சிப்பாய் தீர்மானம் பண்ணவேண்டியதாயிற்று. துண்டு நிலம் வைத்திருந்தவனும் அந்த வருஷங்களில் நெல்லைக் குலுக்கையில் கொட்டி வைக்கப் பயந்தான்.

யுத்தம் முடிந்து மூச்சு விடுவதற்குள் 1947 வந்தது. ஜூன் 11-ந் தேதி, பிரிட்டிஷ் ஆதிபத்தியம் விலகியவுடன் திருவிதாங்கூர் தனிச் சுதந்திர ராஜ்யமாக விளங்கும் என்று திவான் ஸர் சி. பி. ராமசுவாமி ஐயர் அறிவித்தார். அது மேற்கிலிருந்து சாரல் இறங்கத் தொடங்குகிற மாதம். குற்றாலத்தில் அருவி விழ ஆரம்பித்து, ஜனங்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கிளம்புகிற காலம். திவானின் அறிவிப்பை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றியிருந்தால், செங்கோட்டைக்காரன் ஒருவன் காலையில் ஆறு கிலோமீட்டர் நடந்துபோய்க் குற்றால அருவியில் தலையைக் காட்டிவிட்டு வருவது அந்நிய தேச யாத்திரையாகியிருக்கும். அந்த ராஜ்யத்தின் மகாராஜாவுக்கே குற்றாலத்தில் ஓர் அரண்மனை இருந்தது என்பதையும் சேர்த்து நினைத்தால் வேடிக்கை பூர்த்தியாகும். கடற்கரையும் துறைமுகமும் மோனஸைட் மணலும் வைத்திருக்கிற ராஜ்யம் தனியாக நிற்கலாம் என்று கணக்குப் போட்டவர்கள், மலைக்குக் கிழக்கே தள்ளிக் கிடந்த இந்தத் துண்டு நிலத்தை எண்ணிப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்.

ஜூலை 25-ந் தேதி இரவு திருவனந்தபுரத்தில் ஒரு சங்கீதக் கச்சேரியில் திவான்மேல் அரிவாள் வீச்சு விழுந்தது. சில நாளைக்குள் மகாராஜா இந்திய யூனியனோடு சேரச் சம்மதம் தெரிவித்துவிட்டார். ஆகஸ்டு 19-ந் தேதி ஸர் சி. பி. பதவியை விட்டு நீங்கினார். இத்தனையும் நடந்த அந்த இரண்டு மாதத்தில் செங்கோட்டை வயல்களில் கார்ப் பயிருக்குக் களையெடுப்பு நடந்துகொண்டிருந்தது. கொல்லத்திலிருந்து ரயிலில் வந்தவர் ஒரு செய்தி சொல்வார். தென்காசியிலிருந்து வண்டியில் வந்தவர் அதற்கு நேர்மாறாக ஒன்று சொல்வார். இரண்டையும் கேட்டுக்கொண்டு டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் மூன்றாவதாக ஒன்றைத் தாங்களே தயாரித்துக்கொள்வார்கள். இரண்டு திசையிலிருந்தும் பத்திரிகை வருகிற ஊருக்கு வதந்தியில் பஞ்சமே கிடையாது.

1949 ஜூலை 1-ந் தேதி திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து ஒரே ராஜ்யமாயின. மகாராஜா ராஜப்பிரமுகர் ஆனார். சக்கரமும் பணமும் செலாவணியிலிருந்து மறைந்து, கடைக்காரன் மேஜைமேல் அணா ஏறிற்று. பலகை பரணுக்குப் போயிற்று. அதே வருஷம் அக்டோபரில் சீனாவில் பெரிய புரட்சி முடிந்து புதிய குடியரசு ஏற்பட்டதையும், அடுத்த ஆண்டில் அங்கே நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்து, கிராமந்தோறும் கூட்டம் போட்டு, நிலச்சுவான்தாரை நடுவில் நிறுத்திக் கணக்குக் கேட்டதையும் நாம் படித்திருக்கிறோம். அங்கே கலகம் களத்துமேட்டுக்கே வந்து ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. செங்கோட்டையில் அது யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை; நாணயத்தையும் முத்திரைத் தலையையும் மாற்றிவிட்டு, வாசலில் நின்று போய்விட்டது. இரத்தம் சிந்தாத மாற்றம் என்று இதனைக் கொண்டாடலாம். குத்தகைக்கு உழுதவன் நிலையும் அதனாலேயே அப்படியே இருந்தது என்பதையும் கூடவே சொல்லவேண்டும்.

இரத்தம் தெற்கே சிந்திற்று. திருவிதாங்கூரில் தமிழர் வாழும் தாலுக்காக்களைச் சென்னையோடு சேர்க்கவேண்டும் என்று நாகர்கோவில் பக்கத்தில் தோன்றிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், நேசமணியின் தலைமையில் வலுத்தது. 1948 தேர்தல் சமயத்திலேயே போலீஸ் துப்பாக்கிக்கு இரண்டு உயிர் பலியாயின. 1954-ல் பட்டம் தாணுப்பிள்ளை மந்திரிசபையின்போது தேவிகுளம், பீர்மேட்டுத் தோட்டத் தமிழர்மேல் நடந்த கெடுபிடிகளைக் கண்டித்து எழுந்த கிளர்ச்சி, ஆகஸ்டு 11-ந் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. செங்கோட்டை அந்தப் போராட்டத்தின் ஐந்து தென் தாலுக்காக்களில் ஒன்று. ஆனால் மற்ற நான்கும் ஒன்றோடொன்று ஒட்டித் தெற்கே கிடக்க, இது மட்டும் நடுவே மலையும் காடும் நெல்லை ஜில்லாவும் குறுக்கிடத் தனியே வடக்கில் நின்றது. அந்த நான்கில் ஒன்றான கல்குளத்துக்காரனுக்கும் செங்கோட்டைக்காரனுக்கும் ஒரே கோரிக்கை. ஒருவர் ஊரை ஒருவர் பார்த்திருக்கமாட்டார்கள்.

ராஜ்யங்களின் எல்லைகளைத் திருத்தி அமைக்க ஏற்பட்ட பஸல் அலி கமிஷன் 1955 செப்டம்பரில் கொடுத்த அறிக்கையில் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய ஐந்தும் சென்னைக்குப் போகலாம், தேவிகுளமும் பீர்மேடும் போகவேண்டியதில்லை என்று இருந்தது. தமிழ்நாட்டில் தேவிகுளத்துக்கும் பீர்மேட்டுக்கும் அழுத அழுகை இன்றும் ஓயவில்லை. ஆனால் செங்கோட்டையும் முழுசாக வந்துசேரவில்லை என்பதை நினைவு வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? கடைசியில் வரைந்த கோடு தாலுக்காவையே இரண்டாக வகிர்ந்தது. நகரமும் வயலும் கிழக்கே சென்னைக்கு வந்தன. ஆரியங்காவு, அச்சன்கோவில் என்று மலையும் காடுமாகக் கிடந்த மேற்குப் பகுதி கேரளத்தோடு நின்றுவிட்டது. ஜனங்கள் எங்கே அதிகம் இருக்கிறார்கள், என்ன பாஷை பேசுகிறார்கள் என்று எண்ணி வரைந்த கோடு அது. மரத்தையும் ஆற்றின் தலைப்பையும் எண்ணவில்லை. மூங்கிலும் விறகும் தேனும் அந்தக் காட்டிலிருந்து எடுத்துவந்த கைகள் கிழக்கே தங்கிவிட, காடு மேற்கே போயிற்று. காட்டின் பாஷை எது என்று கேட்டுச் சொல்ல ஒருவரும் முன்வராததனால், அதற்காக ஒரு கொடியும் ஏறவில்லை, ஒரு கோஷமும் எழவில்லை. இதை நான் ஒரு பெரிய தவறு என்றே நினைக்கிறேன்.

1956 நவம்பர் 1, கொல்லம் ஆண்டு 1132 ஐப்பசி. நாகர்கோவிலில் விழா எடுத்தார்கள். முதல் மந்திரி காமராஜ் வந்திருந்தார். நான்கு தாலுக்காக்களும் கன்னியாகுமரி ஜில்லா என்று புதுப் பெயர் பெற்றன. செங்கோட்டைக்குப் புதுப் பெயர் ஒன்றும் இல்லை, திருநெல்வேலி ஜில்லாவில் ஒரு தாலுக்காவாகச் சேர்ந்துகொண்டது. அது பிசானத்துக்கு நாற்று நடுகிற பருவம். கச்சேரிக் கட்டிடம் அதேதான், நாற்காலியும் அதேதான். எழுதுகிற பாஷை மாறிற்று. தலைநகரம் மாத்திரம் வெகுதூரம் போய்விட்டது: முன்பு மந்திரியைப் பார்க்க நூறு கிலோமீட்டர் போனால் போதும், இனிமேல் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் இரவெல்லாம் ரயிலில் இருக்கவேண்டும். மேல்முறையீடு எர்ணாகுளம் ஹைகோர்ட்டிலிருந்து சென்னை ஹைகோர்ட்டுக்கு மாறிற்று. மலையாள எழுத்தில் இருந்த பழைய ஆதாரங்களை எடுத்துக்கொண்டு தமிழ்க் கச்சேரிக்குப் போனவர்களுக்கு, இப்போது உத்தியோகஸ்தருக்கே படித்துச் சொல்ல ஆள் தேடவேண்டியதாயிற்று. பழைய துயரம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் குடிபோனதைத் தவிர வேறு மாற்றம் இல்லை என்று யாராவது சிரித்திருந்தால் அது நியாயமே. சென்னைச் சட்டங்கள் எல்லாம் ஒரேயடியாக வந்துவிடவில்லை. வெகுவருஷம் வரை சட்டப் புத்தகங்களில் கன்னியாகுமரியையும் செங்கோட்டையையும் ‘மாற்றப்பட்ட பிரதேசம்’ என்று தனியாகக் குறித்தே எழுதிவந்தார்கள்.

ஐந்து மாதம் கழித்து, 1957 ஏப்ரல் 1-ந் தேதி, நயா பைசா வந்தது. சக்கரத்தை விட்டு அணாவுக்குப் பழகி முடிக்குமுன் அணாவும் போயிற்று. ரூபாய்க்கு 28½, பிறகு 16, பிறகு 100 என்று பத்து வருஷத்துக்குள் மூன்று கணக்கு. அந்தக் கத்திரிக்காய்க்காரி இதையும் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொள்ளாமல் என்ன செய்வாள்?

கோவில்களின் பாகப்பிரிவினை மட்டும் அரசியல் சாசனம் வரை ஏறிற்று. திருவிதாங்கூர் மகாராஜாக்கள் காலத்தில் கோவில் நிலங்களை ஸர்க்கார் எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக வருஷாந்தரம் படித்தரம் கொடுத்துவந்த கடன் ஒன்று இருந்தது. அந்தக் கடனைப் பிரித்து, கேரளம் 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயும், சென்னை 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயும் ஆண்டுதோறும் தத்தம் தேவஸ்வ நிதிக்குக் கொடுக்கவேண்டும் என்று 290-ஏ என்ற விதியாகவே 1956-ல் எழுதிவைத்தார்கள். மாற்றப்பட்ட பிரதேசத்துக் கோவில்களின் விளக்கெண்ணெய்க்கு அரசியல் சாசனத்தில் இடம் கிடைத்தது என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். அந்தத் தொகை எழுதினபடியே நிற்கிறது, எண்ணெய் விலைதான் நிற்கவில்லை.

எல்லை ஒழிந்தது என்று அன்று எல்லாரும் சொன்னார்கள். ஒழியவில்லை, ஊருக்குக் கிழக்கே இருந்தது மேற்கே நகர்ந்தது. செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் நடுவில் இருந்த சோதனை, புளியரையில் போய் உட்கார்ந்துகொண்டது. முன்பு மகள் வீட்டுக்குப் போகத் தாண்டவேண்டியிருந்த எல்லையை இப்போது ஆரியங்காவுச் சாஸ்தாவைப் பார்க்கப் போகத் தாண்டவேண்டும். அரிசி மூட்டைக்கும் காய்கறி லாரிக்கும் அங்கே சீட்டுக் கேட்டார்கள். குற்றாலத்தில் உள்ள பழைய அரண்மனையோ தமிழ்நாட்டு மண்ணில் நின்றபடியே கேரள ஸர்க்காரின் சொத்தாக இருக்கிறது. அருவிக்குப் போகிறவர்கள் அதன் மதிலை ஒட்டித்தான் போகிறார்கள்.

மார்கழி பிறக்கும்போது அச்சன்கோவிலில் திருவிழா. ஐயனின் திருவாபரணப் பெட்டி புனலூர்க் கஜானாவிலிருந்து புறப்பட்டு, போலீஸ் காவலோடு ஆரியங்காவு ஏறி, புளியரையில் தமிழ்நாட்டுக்குள் இறங்கி, செங்கோட்டையிலும் தென்காசியிலும் வரவேற்பு வாங்கிக்கொண்டு, பண்பொழி வழியாக மறுபடியும் மலையேறிக் கேரளத்துக்குள் போகிறது. ராஜா காலத்திலும் அதற்கு அதுதான் வழி. இன்றும் அதுதான் வழி.